மாடிப்படிக்குக் கீழே இருந்த திருநீறு

அந்த வீட்டில் எதைத் துடைத்தாலும் மறுநாள் அதில் சாம்பல் படிந்திருக்கும். அடுப்புச் சாம்பல் அல்ல. வெளிறிய நிறத்தில், அரிசிமாவைவிட மெல்லிய ஒரு தூசி. யன்னல் விளிம்பில், படிக்கட்டுக் கைப்பிடியில், என் மகளின் பால்போத்தல் மூடியில். லண்டனின் ஸ்ட்ரெதம் பெருந்தெருவில் ஓயாமல் ஓடும் பஸ்களின் தூசியாக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு யன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டுப் பார்த்தேன். தூசி குறையவில்லை, கூடியது.

எண்பதுகளின் கடைசி அது. கணவர் அகதியாக முதலில் வந்தார், நான் பின்னால் வந்தேன், மகள் லண்டனிலேயே பிறந்தாள். மூன்று பேரும் அந்த வீட்டின் மேல்மாடியில் ஓர் அறைக்கும் சமைக்க ஒரு துண்டுக் குசினிக்கும் வாடகை கட்டி இருந்தோம். வீட்டுக்காரர் கீழே இருந்தார். மலேசியத் தமிழர். படிக்க வந்து, கணக்காளராக வேலை எடுத்து, இங்கேயே தங்கிவிட்டவர். நாங்கள் போவதற்குக் கொஞ்சக் காலம் முன்னர்தான் மனைவி தவறியிருந்தார், பிள்ளைகள் இல்லை. நாங்கள் அவரை அங்கிள் என்று கூப்பிட்டோம். நல்ல மனுசன், அதை இப்போதும் யாருக்கும் சொல்வேன்.

அவர் எங்களுக்கு விதித்தது ஒரே ஒரு கட்டளை. கீழே, பின்பக்கத்து அறை எப்போதும் பூட்டியிருக்கும். "அது என்னோட சொந்த வேலை ரூம்மா. அது பக்கம் மட்டும் போகாதீங்க, என்ன?" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் தலையாட்டினேன். அடுத்தவன் அறைக்குள் எனக்கென்ன வேலை?

பகலில் அந்த அறைக்குள் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காது. பின்னேரம், நான் விளக்கைப் போடும் நேரமாகப் பார்த்துத் தொடங்கும். மணலில் யாரோ புரண்டு புரண்டு படுப்பது மாதிரி ஒரு சரசரப்பு. இடையில் ஒரு குரல். நாய்க் குரைப்பும் இல்லை, மனிதர் இருமுவதும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ. ஊர்ப் போரில் ஷெல்லடிக்குள் உட்கார்ந்து சோறு வடித்தவள் நான், ஒரு கதவுக்குப் பயப்படுவேனா என்று என்னையே ஏசிக்கொள்வேன். ஆனாலும் அந்தக் கதவடியைத் தாண்டும்போது என் கால் தன்பாட்டில் எட்டிப் போடும். கதவின் கீழ் இடுக்கில் அந்த வெளிறிய தூசி எப்போதும் ஒரு கோடாகக் கிடக்கும்.

மகளுக்கு ஒன்றரை வயதாகும்போது வயிறு குழம்பத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு வயிற்றாலே போவது புதினமா? ஓமம் அவித்த தண்ணீர் கொடுத்தேன், மாதுளம் ஓடு அவித்துக் கொடுத்தேன். நிற்பதுபோல நிற்கும், திரும்பவும் போகும். வெளிறிய, எண்ணெய்ப் பிசுக்கான, நாற்றம் தாங்க ஏலாத மலம். ஆவென்று சாப்பிடுவாள், சாப்பிட்டதெல்லாம் அப்படியே போய்விடும். வயிறு மட்டும் ஊதிக்கொண்டு வந்தது, கால்கள் விறகுச் சுள்ளியாகின. எங்கள் பகுதிக் குடும்ப டொக்டர் முதலில் பால் ஒத்துவரவில்லை என்றார். பிறகு ஒருமுறை மலத்தை எடுத்துச் சோதிக்க அனுப்பிவிட்டு, ஒன்றுமில்லை என்றார். வீட்டுக்கு வந்து பிள்ளையை நிறுத்துப் பார்க்கும் வெள்ளைக்கார நேர்ஸ் தராசைப் பார்த்த பிறகு என் குசினியைப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். விடிய வந்து, குளித்து, திருநீறு பூசாமல் ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்கமாட்டார். ஊரில் இருந்து கொண்டுவந்த திருநீற்றுப் பை முடிந்துபோயிருந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன மாடத்தில், அங்கிளின் மனைவி உயிரோடு இருந்தபோது ஒரு முருகன் படம் வைத்து, மின்விளக்கு ஒன்று மாட்டியிருந்தார். லண்டனில் பாதிப் பேருக்குச் சாமியறை அதுதானே. அந்தப் படத்தின் காலடியில் ஒரு பெரிய பிஸ்கட் ரின், தகர டப்பா. ஒருநாள் விடிய அதைத் திறந்து பார்த்துவிட்டு என் கணவர் படியேறி வந்தார், முகம் முழுக்கச் சிரிப்பு.

"இஞ்சாரும், ரின் நிறையத் திருநீறு! பிடிச்சுப் பாரும், பூ மாதிரி இருக்கு. மலேசியாத் திருநீறாக்கும். எங்கடையிலும் பார்க்க நல்லது."

"சாமியிட்டையே களவெடுக்கிறியளோ?" என்றேன்.

"சாமியின்ரை சாமான்தானே. எல்லாருக்கும் பொது."

அன்றிலிருந்து அதுதான். தண்ணீரில் குழைத்துத் தான் மூன்று குறி பூசுவார். மகளின் நெற்றியில் ஒரு கீற்று, நாக்கில் ஒரு சிட்டிகை. எங்கள் ஆட்களில் யார்தான் அப்படிச் செய்வதில்லை? காய்ச்சல், பயம், சோதனை, பிரயாணம், எல்லாவற்றுக்கும் நெற்றியில் கொஞ்சம், வாயில் கொஞ்சம். மகள் அதை நறுக்நறுக்கென்று கடித்து விழுங்குவாள். திருநீறு பல்லில் கடிபடுமா என்று அப்போது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

பிள்ளை மெலிய மெலிய இவர் அளவைக் கூட்டினார். விடியவும் பொழுதுபடவும் கொடுத்தார். கோயிலுக்குப் போய் நூல் மந்திரித்துக்கொண்டு வந்து கட்டினார். "கண்ணூறுதான். இஞ்சை ஆரோ பிள்ளையிலை கண் வைச்சிட்டினம்" என்பார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

ஒருநாள் மத்தியானம் மகள் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்தபோது நாக்கின் ஓரத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மயிர். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கற்றை. எங்கள் மூன்று பேருக்கும் தலை கருகருவென்று இருக்கும். அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினேன். விரலுக்குள் ஏதாவது இருக்கிறது என்றே தெரியவில்லை, அவ்வளவு மென்மை. கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை.

இவர் எழும்பியதும் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"செய்வினை. ஆரோ செய்திருக்கினம்" என்றார்.

"ஆர்? எங்களை இஞ்சை ஆருக்குத் தெரியும்?"

அவர் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எங்கள் காலுக்கு நேர்கீழே அந்தப் பூட்டிய அறை. பொழுதுபட்டுக்கொண்டிருந்தது, சரசரப்புத் தொடங்கியிருந்தது.

அடுத்த கிழமை ஒருநாள் விடிய மகளால் தலையைத் தூக்கவே முடியவில்லை. கண் செருகிக் கிடந்தாள். அம்புலன்சில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் பாதத்தில் குத்தினார்கள். "ஐயோ என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை" என்று நான் கத்தியது எனக்கே வேறு யாரோ கத்துவதுபோலக் கேட்டது.

சேலைன் ஏறியதும் தேறினாள். ஒரு கிழமைக்குள் கன்னத்தில் சதை பிடித்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று குதித்தாள். எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் நேர்ஸ்மார் சிரிக்கவில்லை. வீட்டில் மெலிகிற பிள்ளை இங்கே வந்தவுடன் கொழுக்கிறதே, ஏன்? உள்ளூர்க் கவுன்சிலில் இருந்து, பிள்ளைகளின் நலன் பார்க்கும் ஒரு பெண் வந்தாள். பஞ்சு போன்ற குரல். வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள், எத்தனை தரம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டதையே சுற்றிச் சுற்றிக் கேட்டாள். கடைசியில், பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாமா இல்லையா என்று ஒரு கூட்டம் கூடித்தான் முடிவெடுப்பார்கள் என்றாள்.

பிள்ளையைப் பறித்து வேறு குடும்பத்தில் கொடுத்துவிடுவார்கள். அதைத்தான் அவள் அந்தப் பஞ்சுக் குரலில் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குப் பசியும் இல்லை, நித்திரையும் இல்லை. போரில் தப்பி, கடல் தாண்டி, கிரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் விசாவுக்குக் காத்துக்கிடந்து, கடைசியில் பெற்ற பிள்ளையை யாருக்கோ கொடுத்துவிட்டு நிற்கப்போகிறோமா?

இவர் என்ன செய்தார்? தனக்குத் தெரிந்ததைச் செய்தார். தினமும் விடிய அந்த ரின்னில் இருந்து ஒரு பிடி அள்ளிக் கடதாசியில் மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நேர்ஸ் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மகளின் நாக்கில் வைத்தார். கொஞ்ச நாளில் வயிற்றாலே போவது திரும்பத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவர்களின் சாப்பாட்டில், அவர்களின் கண்முன்னே. பார்த்தீர்களா, நாங்கள் பட்டினி போடவில்லையே என்று எனக்குள்ளே ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது. அந்தச் சந்தோஷம் மறுநாள் வரைதான் நின்றது.

மறுநாள் ஒரு நேர்ஸ் பார்த்துவிட்டாள். தகப்பன் சட்டைப் பையில் இருந்து சாம்பல் நிறத் தூள் எடுத்துப் பிள்ளையின் வாய்க்குள் வைக்கிறான். அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். இவர் அரைகுறை ஆங்கிலத்தில் "கடவுள், கடவுள்" என்று சொல்லிக்கொண்டு மேலே கையைக் காட்டினார். நான் இடையில் புகுந்தேன். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. "அது நஞ்சில்லை! சாம்பல்! மாட்டுச் சாணத்தை எரிச்சு எடுக்கிற சாம்பல்!" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினேன். எங்களுக்குப் புனிதமாக இருக்கிற, சாணம் என்ற அந்த ஒரு சொல் அவர்கள் முகத்தை இன்னும் கோணவைத்தது.

கடதாசியைத் தூளோடு வாங்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு பக்கத்தில் ஒரு நேர்ஸ் இருந்தால் மட்டுமே நான் மகளைத் தொடலாம். இவர் வார்டுக்குள்ளேயே வரக்கூடாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, மகள் திரும்பிப் பார்த்தால் கையை ஆட்டுவார். நெற்றியில் மூன்று குறியும் அப்படியே இருக்கும்.

கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு பெண் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். நடுவயது, அவசரமில்லாத ஆள். நான் கேட்ட முதல் நல்ல குரல் அது.

இந்தத் தூள் சாம்பலே இல்லை, அம்மா, என்றார். எதையும் எரித்து எடுத்ததில்லை. எரிமலைக் கல்லை மாவாக அரைத்தது. இதற்குள் ஒரு மிருகத்தின் மயிர் இருக்கிறது. புழுக்கை இருக்கிறது. எங்கே எடுத்தீர்கள்?

எங்கள் வீட்டு முருகனின் காலடியில் இருந்து என்று எப்படிச் சொல்வது?

அவர் என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னார். உங்கள் மகளிடம் இன்று எடுத்தது, உயிரோடு இருக்கிறது, பாருங்கள் என்றார். வெளிச்சமான ஒரு வட்டம். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒரு முகம் வந்தது. பொய் சொல்லவில்லை, முகம்தான். மேலே அகன்று கீழே ஒடுங்கி, நடுவில் இரண்டு கண்கள். காற்றில் விழும் இலைபோலப் புரண்டு புரண்டு வந்து, நேரே என்னைப் பார்த்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. கண் வைத்துவிட்டார்கள், கண் வைத்துவிட்டார்கள் என்று இவர் சொன்னதெல்லாம் காதில் இரைந்தது. என் பிள்ளையின் குடல் சுவர் முழுக்க இந்தக் கண்கள்.

அது கண் இல்லை, அதன் உட்கரு, பேர் ஜியார்டியா, குடலில் ஒட்டிக்கொண்டு வாழும், சாப்பாட்டின் சத்தை உடம்பில் சேரவிடாது, ஒருமுறை மட்டும் சோதித்தால் சிலவேளை அகப்படாது என்று டொக்டர் விளக்கினார். மருந்து இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்: வீட்டில் மயிர் அடர்ந்த மிருகம் ஏதாவது வளர்க்கிறீர்களா?

"இல்லை" என்றேன். சொன்ன வாய் மூடுமுன் அந்தக் கதவு நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை பகல், கவுன்சில் சுகாதாரப் பகுதி ஆள் ஒருவரோடு வீட்டுக்குப் போனேன். அங்கிள் கதவைத் திறந்தார். பிள்ளைக்கு வந்த கிருமியையும் தூளுக்குள் இருந்த மயிரையும் பற்றிச் சொல்லச் சொல்ல அவர் நின்ற நிலையிலேயே இருந்து, பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழும்பிச் சாவியை எடுத்து அறையைத் திறந்தார்.

கறுப்புத் திரை போட்ட, குளிர்ந்த அறை. சுவரோடு சுவராகக் கூடுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் அணிலுக்கும் முயலுக்கும் நடுவே ஏதோ ஒன்று, பெரிய காது, சாம்பல் உடம்பு. எல்லாமாக ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தன. சத்தமே இல்லை. சின்சில்லா என்றார் அங்கிள். தோலுக்காக வளர்ப்பது, ஃபர் கோட்டுக்கு. மிருகவதைக்கு எதிரானவர்கள் ஃபர் கடைக் கண்ணாடிகளில் சிவப்புப் பெயிண்ட் ஊற்றிக்கொண்டிருந்த காலம் அது, வெளியே தெரிந்தால் வீட்டைக் கொளுத்திவிடுவார்கள் என்று பயந்து மறைத்திருக்கிறார்.

"வீட்டுக்காரி போனப்புறம் ஒண்ணையும் கொல்ல மனசு வரலம்மா. சும்மா வச்சிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கூட்டுக்குள் ஒன்று தன் கிண்ணத்துக்குள் குதித்தது. அதற்குள் அந்தத் தூள். மல்லாந்தும் குப்புறவும் புரண்டு புரண்டு உடம்பெல்லாம் பூசிக்கொண்டது. சரசர, சரசர. தூசி எழும்பிக் கதவுப் பக்கம் வந்தது. இந்தப் பிராணிகளுக்குத் தண்ணீரில் குளிக்க ஏலாதாம், இதில்தான் குளிக்குமாம். அவர் தினமும் விடிய வேலைக்குப் போகமுன் கிண்ணத்துத் தூளைத் தேயிலை வடிகட்டியில் அரித்து, திரும்பப் பாவிக்க ரின்னில் கொட்டி வைப்பாராம். அறைக்குள் வைத்தால் மூடியைக் கடித்து இழுத்துவிடும் என்று மாடிப்படிக்குக் கீழே வைத்தாராம்.

அவர் அரித்துக் கொட்டிவிட்டு வேலைக்குப் போக, இவர் ஷிப்ட் முடிந்து வந்து ரின்னைத் திறக்க, இரண்டுக்கும் இடையில் அரைமணி நேரம்கூட இருக்காது. காய்ந்த தூளில் அந்தக் கிருமி கனநேரம் பிழைக்காது என்று டொக்டர் பிறகு சொன்னார். காய முன்னரே எங்கள் கைக்கு வந்துவிட்டது. போதாததற்குத் தண்ணீர் விட்டுக் குழைத்தோம்.

அதைத் திருநீறென்று நினைத்து எடுத்ததைச் சொன்னேன். "பிள்ளைக்கா குடுத்தீங்க?" அங்கிள் என்னைப் பார்த்தார். "வாயிலயா குடுத்தீங்க?" பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கோதாரி விழுந்த மனுசா, ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவருடைய தலை நடுங்குவதைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டேன்.

அந்தப் பிராணிகளிலும் கிருமி இருந்தது. எங்களையும் சோதித்தார்கள். என்னில் இல்லை. என் கணவரில் இருந்தது, ஒருநாள்கூட வயிறு நோகாமல். அதுகளில் இருந்து எங்களுக்கு வந்ததா, வேறெங்கிருந்தாவது இவருக்கு வந்து பிள்ளைக்குப் போனதா என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது, தூள்தான் பெரும்பாலும் காரணம் என்றார் டொக்டர். நான் அதை நம்பினேன். இவர் அந்த இரண்டாவதையும் நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

இவருக்கு நான்தான் சொன்னேன், அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப அந்த மயிர்?"

"அதுகளின்ரை மயிர்தான்."

"பேய் பிசாசு ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "பேயெண்டால் நல்லாய் இருந்திருக்கும்" என்றார்.

கூட்டம் நடந்தது. நீளமேசை, தண்ணீர்க் குவளைகள், பஞ்சுக் குரல்காரி, டொக்டர், இன்னும் இரண்டு மூன்று பேர். டொக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். நெற்றியில் ஒன்றும் பூசாமல் என் கணவரை நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை. யாரும் கேட்க முன்னரே எழும்பி நின்றார். "நான்தான் குடுத்தனான். என்ரை கையாலை. அவவுக்கு ஒண்டும் தெரியாது" என்று தமிழிலேயே சொன்னார். நான் மொழிபெயர்க்கவேண்டி இருந்தது. கடைசி வசனத்தை விட்டுவிட்டு மொழிபெயர்த்தேன். கொஞ்ச நேரம் தங்களுக்குள் குசுகுசுத்துவிட்டு, பிள்ளையை உங்களிடமே அனுப்புகிறோம் என்றார்கள். நான் மேசையில் தலையை வைத்து அழுதேன், வெட்கமில்லாமல்.

கசப்பு மருந்து முடிந்து, மலம் இரண்டு மூன்று முறை சுத்தமென்று வந்த பிறகு கூட்டிப்போகச் சொன்னார்கள். இவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வார்டுக்குள் வர விட்டார்கள். மகள் கட்டிலில் நின்றாள். குண்டுக் கன்னம், கண்ணில் வெளிச்சம். என்னைக் கண்டதும் பாய்ந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"என்ரை குஞ்சு" என்று இவர் கையை நீட்டிக்கொண்டு கிட்ட வந்தார்.

மகள் அவரைப் பார்த்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. உதடு இரண்டையும் உள்ளே மடித்து வாயை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தை என் தோளுக்குள் திருப்பினாள். யாரும் அவளுக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இவர் நீட்டிய கையை மெல்ல எடுத்தார். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்பா ஒண்டும் தரமாட்டன், குஞ்சு" என்றார். "அப்பா சும்மா பாக்கத்தான் வந்தனான்."